திருவொற்றியூர்த் திருமேனியும் இடஞ்சார்ந்த புதுச்சிற்பமும்

சிவலிங்கத் திருமேனியை, மேனாட்டார் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிற் கண்ட ஒருவகைப் புதுச்சிற்பத்தோடு ஒப்பவைத்துப் பேசுதல் கற்றார் சிலர்க்கு வழக்கமாயிற்று. கண்ணும் மூக்கும் கையும் காலும் இன்றி, ஒரே உருவாய் நின்று, காண்பானைத் தன்பால் நிறுத்திக்கொள்வது இலிங்கம், அப்புதுச்சிற்பமும் அத்தகையதே, ஆதலின் இரண்டும் ஓரினம் என்பது அவர் கொள்கை. கல்லை வணங்குகின்றார் எனப் பிறர் இகழ்ந்த காலம் கழிந்து, கலையறிந்தார் வியக்கும் காலம் வந்ததென்று இதுகேட்டு மகிழும் அன்பர்களும் உளர். இகழ்ச்சிக்கு மறுப்புரைத்தல் எளிது. இத்தகைய புகழ்ச்சிக்கு அளவு காட்டுதலோ அரிது. புகழும் சொல்லிலேயே பொருளின் பெருமை குறைந்துபோதலும் உண்டாகலின் என்க. அச்சிற்பம் மெய்யாகக் கண்டது யாது, எவ்விடத்து நின்றுவிட்டது என்பன திருவொற்றியூர்த் தலத்தை முன்வைத்து ஈண்டு ஆராயப்படும். அத்தலத்தைக் கொண்டதற்குக் காரணம் இரண்டு. ஆண்டுள்ள பெருமான் உளிபடாத புற்றுருவினர் என்பது ஒன்று. இடத்திற்கும் காட்சிக்கும் உள்ள தொடர்பினைத் திருத்தொண்டர்புராணம் அத்தலத்தை வைத்தே விளக்குகின்றது என்பது மற்றொன்று.

அமெரிக்க நாட்டில் 1960-ஆம் ஆண்டினை ஒட்டித் தோன்றிய அம்முறையை மினிமலிசம் என வழங்குவர். வேண்டாதன யாவும் களைந்து மிகச் சிலவற்றால் அமைதல் என்பது அச்சொல்லின் கருத்து. டோனி ஸ்மித் என்பார் 1962-இல் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறடியாக ஓர் எஃகுக் கனசதுரம் செய்வித்தார். செய்வித்தார் என்றதே பொருத்தம். அவர் உளியும் சுத்தியும் தொட்டிலர். தொலைபேசியில் அளவு கூறினார். பட்டறையார் பற்றவைத்துக் கொடுத்தனர். அதனினும் பெரிதாயின் நினைவுச்சின்னம் போலாகும். சிறிதாயின் வீட்டில் வைக்கும் பண்டம் போலாகும். இரண்டும் ஆகாமைப்பொருட்டு ஆளின் அளவே கொள்ளப்பட்டது. ராபர்ட் மாரிஸ் என்பார் 1966-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இம்முறைக்கு இலக்கணம் கூறினார். உருவம் மிக எளிதாயின் மனம் அதனை ஒரு நோக்கிலேயே முழுதும் பற்றிவிடும். பற்றியபின் அதனுள் துருவி ஆராய்தற்கு ஒன்றும் இராமையின், காண்பான் கருத்து அப்பொருள் நிற்கும் அறை, அதன்மேற் படும் ஒளி, தான் நிற்கும் தொலைவு, தன் உடம்பின் அளவு என்றிவற்றின்மேற் செல்லும் என்பது அவர் கூற்றின் சாரம். பிரான்சு நாட்டு மெர்லோ-போன்டி என்னும் தத்துவ நூலார் 1945-இல் புலக்காட்சியைக் குறித்து ஒரு பெருநூல் எழுதினார். 1962-இல் அஃது ஆங்கிலத்தில் வந்தபின் இச்சிற்பிகளும் அவரைச் சார்ந்த திறனாய்வாளரும் அதனைப் பெரிதும் துணைக்கொண்டனர். காட்சி என்பது கண் என்னும் சாளரத்தின் வழியே உள்ளிருக்கும் அறிவு எட்டிப்பார்ப்பதன்று, நடந்தும் திரும்பியும் குனிந்தும் உடம்பு முழுதும் காண்கின்றது என்பது அந்நூலின் துணிபு.

இதனை மறுத்தாரும் அந்நாட்டிலேயே தோன்றினர். மைக்கேல் ஃபிரைடு என்பார் 1967-இல் எழுதிய கட்டுரையில், இச்சிற்பங்கள் காண்பானை எதிர்பார்த்து நிற்கின்றன, அவன் வந்தாலன்றி நிறைவுறா, ஆதலின் இவை நாடகத்தன்மை உடையன என்று கடிந்தார். ஆளில்லா அறையுள் ஒருவர் வாய்திறவாது காத்திருக்க, நாம் அறியாது புகுந்தாற்போன்ற மனக்குழப்பத்தை இவை தருகின்றன என்பது அவர் கருத்து. மெய்யான கலை ஒவ்வொரு கணத்தும் தன்னிடத்தே முழுதாய் விளங்கும் என்றார். அக்கட்டுரை ஒரு கிறித்தவ சமயாசாரியர் கருத்தை முகப்பிற் கொண்டு தொடங்கி, அருள் எனப் பொருள்படும் சொல்லில் முடிகின்றது. கலைத்திறனாய்வு செய்யப் புகுந்தார் ஒருவர் அருளில் வந்து நின்றது சைவர் கருதத்தக்கதே. ஆயின் அருள் யார்மாட்டு நின்று யார்மாட்டுச் செல்கின்றது என்பதை அவர் வகுத்துக் கூறிற்றிலர்.

சிற்பத்தை இடத்தொடு பிணித்த பெருமை ரிச்சர்டு செர்ரா (1938–2024) என்பார்க்கு உரியது. இவர் தந்தை சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கப்பற்பட்டறையில் வேலை பார்த்தவர். நான்கு வயதில் ஒரு பெருங்கப்பல் கடலில் இறக்கப்படக் கண்ட காட்சியே, அத்துணைக் கனமும் மிதப்பாக மாறிய வியப்பே, தம் சிற்பங்கட்கெல்லாம் வித்து என்று அவர் கூறியதுண்டு. கல்வி கற்ற காலத்து எஃகாலைகளிற் கூலிக்கு உழைத்தவர். அவர் நியூயார்க் நகரத்து அரசாங்க அலுவலகங்களின் முன்னுள்ள வெளியில் 1981-இல் ஒரு சிற்பம் நிறுவினார். 120 அடி நீளமும் 12 அடி உயரமும் உடைய வளைந்த எஃகுச் சுவர் அது. சற்றே சாய்ந்து, அவ்வெளியை இரண்டாகப் பிளந்து நின்றது. சாய்ந்த வில் எனப் பெயர் பெற்றது. அதன் எஃகு ஒருவகைத் தனிக்கலவை. மேலே படரும் துருவே உள்ளிரும்புக்குக் கவசமாய் அமைவது. அலுவலகத்தார் பலர் தம் வழி அடைபட்டதென முறையிட்டனர். 1985-இல் பொதுவிசாரணை நடந்தது. வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அரசினர் கூற, இவ்விடத்திற்கென்றே செய்ததனைப் பெயர்த்தல் அழித்தலேயாம் என்று செர்ரா மறுத்தார். வழக்காடியும் தோற்றார். 1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் இரவு அச்சுவர் துண்டுகளாக அறுத்து எடுக்கப்பட்டது.

அவர் வழக்கிலுள்ள உண்மையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். வடசென்னையார்க்கு அதனை உணர்தல் அரிதும் அன்று. இராயபுரம் தொடங்கித் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாகச் செல்லும் வழி இரும்பின் வழியாகவே உள்ளது. இராயபுரம் புகைவண்டி நிலையம் 1856-இல் தென்னாட்டிற்கே முதலாவதாகத் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983-இல் ஏற்பட்டது. எண்ணூரில் 2001-இல் வேறொரு துறைமுகமும் தொடங்கப்பெற்றது. எட்டடி அகலமும் இருபதடியோ நாற்பதடியோ நீளமும் உள்ள இரும்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இருமருங்கும் மதில்போல் நிற்கும் சந்துகளில் நடந்து பழகியவர் இங்கே பல்லாயிரவர். வானம் ஒரு கீற்றாய்ச் சுருங்குவதும், லாரி திரும்பும் மூலையில் திடீரென வெளி விரிவதும், தன் உடம்பு சிறுத்ததுபோல் தோன்றுவதும் அவர் கால்களுக்குத் தெரியும். நியூயார்க் நகரத்தார் ஒரு சிற்பியின் வாயிலாகக் கற்றதனை இவர் கூலிவேலையிலேயே கற்றனர். ஆயினும் அப்பெட்டிகளைச் சிற்பம் என எவரும் கூறார். அவை எவ்விடத்தும் நிற்பன. எவ்விடத்திற்கும் உரியன அல்ல. ஓர் இடத்திற்கு உரித்தாய் நிற்றல் என்பது செர்ரா கூட்டிய சிறப்பு. அஃது உருவத்தின் எளிமையினின்று பிறந்ததன்று.

இனித் திருக்கோயிலைக் காண்போம். படம்பக்கநாதர், ஆதிபுரீசர், எழுத்தறியும் பெருமான் எனப் பல திருநாமம் பூண்ட பெருமான் எழுந்தருளியுள்ள விமானம் தூங்கானை மாடம் என்னும் வகையினது. உறங்கும் யானையின் பின்புறம்போல வளைந்து முடிவதாகலின் அப்பெயர் பெற்றது. முதலாம் இராசேந்திர சோழன் (1014–1044) காலத்தில், சதுரானன பண்டிதர் என்னும் ஆசாரியர் வேண்ட, இரவி என்னும் வீரசோழத் தச்சன் இதனைக் கருங்கல்லால் எடுத்தான் என்று கல்வெட்டுக் கூறும். சதுரானன பண்டிதர் என்பது அவ்வூர் மடத்துத் தலைவர் வழிவழிப் பூண்ட பெயர். அவருள் முன்னவர் ஒருவர் கேரள நாட்டிற் பிறந்து, சோழ இளவரசன் இராசாதித்தனுக்குப் படைத்துணையாய் இருந்தவர். 949-இல் தக்கோலப் போரில் அவன் பட்டபொழுது உடன் இறவாது போயினமைக்கு நொந்து துறவு பூண்டு ஒற்றியூரை அடைந்தார். போர்க்களத்தில் தாம் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நில்லாமையால் வருந்தினார் ஒருவர், நிற்க வேண்டிய இடம் இதுவெனக் கண்டு வந்த ஊர் இது.

தூங்கானை மாடத்தை வலம்வருதலில் ஒரு நுட்பம் உண்டு. சதுரமான கருவறையைச் சுற்றுவார்க்கு மூலைகள் அளவுகோலாகும். இரண்டு திரும்பினேன், இன்னும் இரண்டுண்டு என்று கால் அறிந்துகொள்ளும். வளைந்த சுவரில் மூலையில்லை. எவ்வளவு வந்தோம், எவ்வளவு உள்ளது என்பது தோன்றாமலே, திரும்பாமலே திரும்பி, சுற்று முடிந்துவிடும். செர்ரா தம் முதுமையில், 1996 முதலாக, உள்ளே புகுந்து நடக்கத்தக்க முறுக்கிய எஃகு நீள்வட்டங்கள் செய்து தேடியது ஏறக்குறைய இவ்வுணர்வினையே. ஆயிரமாண்டு முற்பட்ட கருங்கல்லில் அஃது உள்ளதென்று காட்டின் தமிழர் கைத்திறம் விளங்கும். அவ்வளவில் ஒப்புமை தக்கதே.

ஆயின் வலம்வருவான் யாதனைக் காண்கின்றான்? சிற்பத்தைச் சுற்றுவான் சிற்பத்தையே நோக்கிச் சுற்றுகின்றான். திருக்கோயிலை வலம்வருவானுக்கோ அவ்வளவு நேரமும் மூர்த்தி கண்ணுக்குப் புலனாவதில்லை. இடையே கல் நிற்கின்றது. தன் வலப்பக்கத்தே உள்ளார் என்னும் துணிவு ஒன்றே அவனுக்கு உண்டு. திருவொற்றியூரிலோ இது பின்னும் மிகும். முன்வந்து நின்றாலும் காணப்படுவது கவசமே. ஆண்டில் கார்த்திகைத் திங்கள் முழுமதி நாள் தொடங்கி மூன்று நாள் மட்டுமே கவசம் களையப்பெற்றுப் புற்றுருவாகிய திருமேனி காட்சிதரும். புற்றாகலின் அதற்கு நேரே நீராட்டு இல்லை. அம்மூன்று நாளில் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்பெறும். சிற்பி செய்து வைத்த இலிங்கத்திலும் நிலை இதுவே என்பது ஆகமம் கற்றார் அறிந்தது. நான்முகமான அடிப்பகுதி நிலத்துள்ளும், எண்முகமான நடுப்பகுதி ஆவுடையாருள்ளும் மறைய, வட்டமான மேற்பகுதி ஒன்றே காட்சிக்கு வருகின்றது. மூன்றில் இரண்டு மறைந்தே நிற்கும் ஒன்றினை, ஒரு நோக்கிலேயே முழுதும் பற்றப்படும் உருவம் என்று கூறல் யாங்ஙனம் பொருந்தும்?

சிற்பி தன் கையை விலக்கிக்கொள்ளுதல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தொலைபேசியில் அளவு சொல்லிச் செய்வித்ததில் கைவண்ணம் இல்லை, புற்றிலும் இல்லை, ஆதலின் இரண்டும் ஒக்கும் என்பர். முன்னதில் ஒருவர் கைக்குப் பதிலாகப் பலர் கைகள் உள்ளன. பற்றவைத்த தொழிலாளியின் பெயர் மறைந்தது, அவ்வளவே. பின்னதோ தான்தோன்றி எனப்படுவது. ஆக்குவோன் இன்மையைக் காட்டுதற்காக அது புற்றுருக் கொண்டிலது. எளிய மண்ணும் தனக்கு இடமாம் என்று காட்டக் கொண்டது.

ஃபிரைடு கூறிய குற்றம் யாவர்மேற் செல்லும், யாவர்மேற் செல்லாது என்பது இதனால் விளங்கும். காண்பான் வந்தாலன்றி நிறைவுறாதது என்று அவர் கூறியது அச்சிற்பத்திற்குப் பொருந்தும். சிற்பிகளே அதனை ஒப்பினர், பெருமையாகவும் கொண்டனர். ஆண்டில் மூன்று நாள் நீங்கலாக 362 நாளும் மறைந்து நிற்கும் பெருமானுக்குக் காண்பாரால் வரும் நிறைவு யாது? மறைத்தல் ஐந்தொழிலுள் ஒன்று. பக்குவம் வரும்வரை தன்னைக் காட்டாது உடனின்று நடத்துதலால் அதுவும் அருளே என்று நூல்கள் கூறும். கவசம் சாத்திய நாளிலும் திறந்த நாளிலும் உள்ளார் ஒருவரே. வேறுபாடு காண்பார் நிலையைச் சார்ந்தது. காணப்படும் பொருளைச் சார்ந்ததன்று.

அற்றேல், காண்பானை உடம்பொடும் இடத்தொடும் கூட்டிக் கூறிய அவர் ஆராய்ச்சி பயனற்றதோ எனின், அற்றன்று. ஆணவத்தால் மறைப்புண்டு ஒன்றும் அறியாது கிடக்கும் உயிர்க்கு, மாயையினின்று தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் கூட்டுகின்றான் என்பது சித்தாந்தம். உடம்பும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் தனித்தனி வந்து சேர்வன அல்ல. ஒன்றற்கு ஒன்று இயையவே வகுக்கப்படுவன. விடியும்வரை விளக்குப்போல அவை உயிர்க்கு உதவும். மாரிஸும் செர்ராவும் தம் சோதனைகளாற் கண்டது இந்நான்கும் பிரியாது நிற்கும் நிலையினையே. அறையின் உயரம் மாறினாற் காட்சி மாறுகின்றது, கால் இரண்டடி நகர்ந்தால் உருவம் வேறாகின்றது என்பன வெல்லாம் புவனத்திற்கும் கரணத்திற்கும் உள்ள இயைபே. தத்துவங்களை எண்ணிப் பழகும் மாணாக்கர்க்கு இவர் சிற்பங்களை எடுத்துக்காட்டாகக் கூறினும் தவறில்லை. உயிரை உடம்பினின்று வேறாகக் காணாமையும், அதற்கு மேலும் ஒன்று உண்டென நினையாமையுமே அவர்பால் உள்ள குறை.

சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரம் இவ்விடத்து நினைக்கற்பாலது. கண் தானே காணமாட்டாது. உயிர் உடனின்று காட்டியும் கண்டும் உதவவே அது காண்கின்றது. அவ்வாறே உயிரும் தானே அறியமாட்டாது. அரன் உடனின்று காட்டியும் கண்டும் உதவவே அறிகின்றது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று ஆசிரியர் இதனை வகுத்துரைப்பர். காணப்படும் பொருள், காண்பவன் என்னும் இரண்டொடு புதுச்சிற்பத்தின் கணக்கு முடிகின்றது. பொருளை எளிதாக்க எளிதாக்கக் காண்பவன் தன்னையே காண்கின்றான். தன் உயரம், தன் நடை, தன் மருட்சி. பொருள் கண்ணாடியாய் விடுகின்றது. சைவர் திருமுன் நிற்பது தன்னைக் காண்பதற்கன்று. காண்பதற்குத் தனக்குத் துணையாய் நின்றாரைக் காண்பதற்கு. முன்னின்ற பொருளும் உள்நின்று காட்டுவதும் ஒன்றேயாம் நிலை வேறு எக்காட்சியினும் இல்லை. இதனை விட்டு இலிங்கத்தை உருவ எளிமை பற்றிப் புகழ்வார், விளக்கை அதன் தண்டின் வழுவழுப்புப் பற்றிப் புகழ்வாரை ஒப்பர்.

நூலிற் சூத்திரமாய் நிற்கும் இதனைச் சேக்கிழார் பெருமான் ஏயர்கோன் கலிக்காமநாயனார் புராணத்துள் திருவொற்றியூர் நிகழ்ச்சியாக நடத்திக் காட்டுகின்றார். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரமூர்த்தி நாயனார், அவரைப் பிரியேன் எனச் சூளுறவு செய்தற்கு உடன்பட்டார். ஆரூர்ப் பரவையாரையும் வீதிவிடங்கப் பெருமானையும் மறக்கலாற்றாமையின் இறைவனிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். தாம் திருமுன்னர்ச் சூளுற வரும்பொழுது பெருமான் அவ்விடத்தை விட்டுத் தலமரமாகிய மகிழின்கீழ் எழுந்தருள வேண்டும் என்பது அது. பெருமானும் இசைந்தார், இசைந்தவர் சங்கிலியார் கனவிற் சென்று, மகிழின்கீழ்ச் சூளுறச் சொல் என்றும் அருளினார். மறுநாள் தோழியர் அவ்வாறே வேண்ட, நாயனார்க்கு வேறு வழியில்லை. மகிழடியிலேயே சூளுறவு நிகழ்ந்தது.

இவ்விளையாட்டினைப் பத்திச்சுவை பற்றி மட்டும் படித்துச் செல்வார் பலர். இடத்தைப் பற்றிய ஒரு பெருவழக்கு இதனுள் உள்ளது. நாயனார் கருத்து, இறைவன் ஓரிடத்து உளன் எனின் மற்றோரிடத்து இலன் என்பதனைப் பற்றியது. செர்ராவின் துணிபும் அதுவே. வில் அவ்வெளியில் உண்டெனின் வேறெங்கும் இல்லை. பெருமான் அதனை மறுத்துரைத்திலர். மகிழடிக்குச் செல்லவும் செய்தார், ஓரிடத்து நிற்பவராகவே நடந்துகாட்டவும் செய்தார். ஆயினும் நாயனார் எவ்விடத்து நின்று சூளுறினும் அவ்விடம் திருமுன்னே ஆயிற்று. இடத்தால் இறைவன் வரையறுக்கப்படுவதில்லை. அவன் வரைந்துகொண்ட இடமே தலமாகின்றது.

பின் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. வேனில் வர, ஆரூர் விழாவை நினைந்த நாயனார் ஒற்றியூரை நீங்கினார். எல்லை கடந்த அளவிலே இருகண்ணும் மறைந்தன. பிழை மனத்தே முன்னமே எழுந்துவிட்டது. புறப்படும் எண்ணமும் வந்துவிட்டது. ஆயினும் ஊரின் எல்லைவரையும் பார்வை இருந்தது. எல்லையில் அது வாங்கப்பட்டது. சூளுறவு அவ்விடத்தை விட்டுப் பிரியேன் என்பதாகலின், அடி எல்லைக்கப்பால் விழுந்தபொழுதே பிழை முற்றியது என்பது நேரிய விடை. அதனொடு, காட்சி என்பது கொடுக்கப்பட்டதேயன்றிக் கண்ணின் உடைமை அன்று என்பதும் அவ்வொரு நடையில் தெளிவாயிற்று. காட்டுவான் காட்டாதபொழுது கண் இருந்தும் இல்லை. பின்னர்த் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். பார்வை ஊர் ஊராகத் தவணையில் திரும்பியது. இடமும் காட்சியும் பிரியா என்று எஃகினால் நிறுவ முயன்றாரெல்லாம் இவ்வழியே ஒருமுறை நடந்து போதல் நன்று.

திருவெண்பாக்கத்தின் பிற்கால வரலாறு இவ்வாராய்ச்சிக்கு ஒரு கடாவும் விடையும் ஆகின்றது. நாயனார் அங்கே, கோயிலினுள் உள்ளீரோ என வினவியதும், உள்ளோம் என்று விடை வந்ததும் அன்பர் அறிந்தன. சென்னைக்குக் குடிநீர் தேக்கக் கொசத்தலையாற்றின் குறுக்கே எடுத்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவுற்றது. பழைய கோயில் இருந்த இடம் அந்நீர்ப்பரப்புள் அகப்பட்டது. பெருமானைப் பெயர்த்துக் கொணர்ந்து பூண்டியில் புதுக்கோயில் அமைத்தனர். இன்று ஊன்றீசுவரர் கோயில் என அது வணங்கப்படுகின்றது. அந்த ஆறோ எண்ணூர்க் கழியில் வந்து கடலொடு கலக்கின்றது; அஃதாவது ஒற்றியூரின் வாயிலிலேயே. பெயர்த்தல் அழித்தலாம் என்னும் துணிபு ஈண்டும் பொருந்துமாயின், ஊன்றுகோல் தந்த பெருமான் பூண்டியில் இலர் என்று கூறவேண்டும். அங்ஙனம் கூறுவார் சைவருள் எவரும் இலர்.

எங்ஙனம் கூறாதிருத்தல் கூடும்? ஆகமம் அதற்கு வழி வகுத்துள்ளது. திருப்பணிக்காலத்தும் பெயர்க்க நேர்ந்த காலத்தும் மூர்த்தியின் கலைகளை வாங்கிக் கும்பத்தில் இருத்தும் கலாகர்ஷணமும், இடைக்காலத்து வழிபாட்டிற்குப் பாலாலயமும் அதனுள் விதிக்கப்பட்டன. கல்லும் இடமும் தாமே தெய்வமாதல் இல்லை. மந்திரத்தாலும் அன்பாலும் வேண்டப்பட்டு இறைவன் அவற்றைத் தனக்கு இடமாகக் கொள்கின்றான். சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என விதித்தது. எங்கும் நிறைந்தவனை ஓரிடத்துத் தொழுவது என்னையெனின், ஏனையிடத்துப் பாலின்கண் நெய்போல விளங்காது நிற்பவன், இவ்விடத்துத் தயிரின்கண் நெய்போல விளங்கி நிற்றலின் என்று விடை கூறுவர். பாலைத் தயிராக்கியது பல்லாண்டு வழிபாடும் திருவுளமும் ஆகலின், மற்றோரிடத்தும் அவை கூடின் அவ்விடமும் தயிராம். இவ்விடையால் இருபாற் பிழையும் நீங்கும். தலம் யாதாயினும் ஒன்றே எனச் சொல்லி இடத்தைப் புறக்கணிப்பதும் பிழை; இடமே எல்லாம் என்று கொண்டு, அது போயின் இறைவனும் போயினான் எனக் கலங்குவதும் பிழை.

இரண்டாவது பிழை வடசென்னையார்க்கு வெறும் சொல்வழக்கன்று. ஊழிவெள்ளம் ஒற்றப்பட்டு விலகிய இடமாகலின் ஒற்றியூர் எனத் தலபுராணம் பெயர்க்காரணம் கூறும். அவ்வூர்க் கடற்கரையை அலை அரித்துவருதலும், கரைநெடுகப் பாறைகளைக் கொட்டித் தடுத்து வைத்திருத்தலும் கண்கூடு. பட்டினத்தடிகள் அடங்கிய இடமும் அக்கரையிலேயே உள்ளது. 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெய் அக்கரையெல்லாம் கறுப்பாய் ஒதுங்கியதும், 2023-ஆம் ஆண்டு திசம்பரில் வெள்ளத்தொடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழியில் மீனவர் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியதும் மறக்கத்தக்கன அல்ல. இடம் கெட்டால் தலம் உண்டோ என்று கேட்பார்க்கு மேற்கூறிய விடை உண்டு. அவ்விடையைக் கைக்கொண்டு இடத்தைக் கெடவிடுவார்க்கு ஆலயத்தை அரனெனவே தொழும் உரிமை இல்லை.

கோயிலகத்தும் இந்நோக்குடையார் செய்யத்தக்கது உண்டு. தலங்கள் பலவற்றுள் திருச்சுற்றிலே தகரக் கொட்டகையும், வரிசைக்கென இரும்புக் கம்பித் தடுப்பும், வழவழப்பான ஓடும், கண்ணைக் கூசச்செய்யும் வெண்விளக்கும் நாளொரு மேனியாக ஏறிவருகின்றன. வெளியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல ஒளி குறைந்து, ஓசை அடங்கி, கருவறையில் ஒரு சுடரே எஞ்சுதல் தச்சர் அறியாது செய்ததன்று. அது புவனத்தைச் சுருக்கிக் கரணத்தை ஒடுக்கும் முறை. நியூயார்க்கில் ஒரு சிற்பி தன் எஃகுச் சுவர் நின்ற வெளியின் ஒவ்வோர் அடிக்கும் வழக்காடினான். ஆயிரமாண்டு நின்ற தூங்கானை மாடத்தின் வளைவை மறைத்து ஒரு கம்பித்தடுப்பு நாட்டப்படுமாயின் அதனைக் கேட்பார் ஒருவரேனும் சைவருள் வேண்டும். திருப்பணிக் குழுவினர் கல்தச்சரையும் மின்பணியாளரையும் அழைத்து ஆராயும்பொழுது, அக்கோயிலை நாள்தோறும் வலம்வரும் முதியோர் இருவர் மூவரையும் உடன்வைத்துக் கேட்பது நலம். எவ்விடத்து இருள் வேண்டும், எவ்விடத்துக் கால் தயங்கும் என்பது அவர்க்குத் தெரியும்.